அவள் சீட்டில் என் இதயம்

எனக்கு வாய் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டால் இன்னும் மோசமாகத் தெரியும்.

பெங்களூர் பீன்யாவில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஃபாக்டரி ஒன்றில் பதினெட்டு வருஷமாகக் காஜா மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். பட்டன் நுழைகிற துளைக்குத்தான் காஜா என்று பெயர். துணியை வைத்துப் பெடலை மிதித்தால், மெஷின் ஓரத்தைத் தைத்து நடுவில் ஒரு வெட்டு வெட்டும். நான் காஜா போட்ட சட்டை அடுத்த மெஷினுக்குப் போகும். அங்கே பட்டன் வைக்கிறவள் என் தோழி. இரண்டு பேரும் ஸ்ரீராமபுரத்துக்காரிகள், ஒரே பஸ், கிட்டத்தட்ட ஒரே வயது. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். அதையும் மெஷின் சத்தம் விழுங்கிவிடும்.

அவளுக்கு வெட்கம் ஜாஸ்தி. ரவிக்கைக்கு வெளியாளிடம் அளவு கொடுக்கக் கூடாது என்பதற்காகவே தையல் கற்றுக்கொண்டவள். பிள்ளைகள் இரண்டும் பிறந்தபோது பெண் டாக்டர்தான் பார்த்தாராம், அதற்கு இன்றைக்கும் மாரியம்மனுக்கு நன்றி சொல்கிறாள். நான் அவளை இதற்காகக் கேலி செய்யாத நாள் கிடையாது. "ஒன்ன சாமியார் மடத்துல வுட்டிருக்கணும்டி" என்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த பட்டனை வைப்பாள்.

வருஷத்துக்கு ஒரு முறை, சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட் செய்ய ஆட்களை அனுப்பும். நெருப்பு பிடித்தால் ஓடுகிற வழி திறக்கிறதா, குடிதண்ணீர் வருகிறதா, கக்கூஸில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஃபைலைப் புரட்டுவார்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்த சீட்டு அந்த ஃபைலில் இருக்க வேண்டும். அதனால் ஆடிட்டுக்கு முன்பு ஒரு கேம்ப் நடக்கும். எங்கள் நலனுக்கு நடக்கிறதா ஃபைலின் நலனுக்கு நடக்கிறதா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மற்ற வருஷங்களில் ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இந்த முறை ஈசிஜியும் சேர்த்துவிட்டார்கள். கட்டிங் செக்‌ஷன் மூலையில் லைனிங் துணியைத் திரைபோலக் கட்டி, உள்ளே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் மெஷினோடு நின்றது இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை. மேல் துணியைத் தளர்த்திவிட்டுப் படுக்க வேண்டும் என்ற சேதி எங்கள் வரிசையில் முன்னாலிருந்து பின்னால் வந்து சேர்ந்தபோது, என் தோழி வரிசையில் இல்லை. கக்கூஸில் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே நின்று எவ்வளவோ சொன்னேன். "டாக்டர் மாதிரிதான்டி அவனும். ஒரு நாளைக்கி நூறு பேரப் பாக்கறான்."

"அந்த நூறுல நான் வாணாம்."

சூப்பர்வைசர் லிஸ்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். "பேக, பேக" என்று கன்னடத்தில் எல்லோரையும் விரட்டினார். சீட்டு வராதவர்களின் பெயரை ஆபீஸுக்குக் கொடுக்கப் போவதாக மிரட்டினார். அப்போதுதான் என் வாய் அந்த வார்த்தையைச் சொல்லிற்று.

"ஒன் கார்டக் குடு. ஒனக்கும் சேத்து நானே படுத்துர்றேன்."

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே நீல மேல்கோட்டு, தலையில் ஒரே துணி, மூக்குக்கு ஒரே முகமூடி. அந்தப் பையன் ஃபாக்டரி கார்டில் இருக்கிற நம்பரைப் பார்த்தானே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் கார்டோடு போய்ப் படுத்தேன். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளிப் மாட்டி, நெஞ்சில் சில்லென்று எதையோ தடவி, ரப்பர் மூடிகளை ஒட்டவைத்தான். பேப்பர் ஓடி வந்தது. முடிந்தது.

வெளியே வந்தால் அவள் கார்டு அவளிடம் இல்லை. மூன்றாவது மாடியில் பைக்குள் இருக்கிறதாம். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறதே என்று மூன்று மாடி ஓடி ஏறி, எடுத்துக்கொண்டு ஓடி இறங்கி, வரிசையின் கடைசி ஆளாகப் போய் மறுபடி படுத்தேன். இந்தத் தடவை பேப்பரைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"ஓடி பந்த்ரா?"

ஓடித்தான் வந்தேன் என்று தலையாட்டினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பேப்பர் ஓட்டினான். அதையும் கிழித்து வைத்தான். அன்றைக்கு மத்தியானம் என் தோழி தன் டப்பாவிலிருந்த கருவாட்டுத் துண்டு அத்தனையும் எனக்கே வைத்தாள். ஊரையே காப்பாற்றியவள்போல உட்கார்ந்து தின்றேன்.

பதினைந்து நாள் கழித்து அவளை ஃபாக்டரி கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் மெஷினில் உட்காராமல் என்னை ஜாடை காட்டி அழைத்தாள். கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"ஈசிஜி சரியில்லையாம். இதயத்துடிப்பு தாறுமாறா ஓடுதாம். பெரிய ஆஸ்பத்திரில காட்டி, ஒடம்பு நல்லாருக்குதுன்னு லெட்டர் வாங்கினு வந்தாத்தான் மெஷின்ல குந்தலாமாம்."

"யாருக்கு?" என்றேன். அந்தக் கேள்வி என்னை இன்றைக்கும் கூச வைக்கிறது.

"யாருக்கா? படுத்தது யாரு?"

"என்னுது நார்மல்னு சீட்டு வந்துருக்குது. பாத்துக்க."

"ரெண்டும் ஒன்னுதுதான்டி" என்றாள்.

நான் படி ஏறி ஓடியதைச் சொன்னேன். ஓடினால் யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது, அந்தப் பையனுக்கு மெஷின் பிடிக்கத் தெரியவில்லை, நீயே ஒரு தரம் போய்ப் படுத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று அவள் மேலேயே திருப்பினேன். கடைசியாக ஒரு நியாயமான காரணமும் சொன்னேன். ஆடிட் நேரத்தில் பொய்ச் சீட்டு என்று தெரிந்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். "நீ போய் ஈசிஜி எடு. ஒன்னுது நல்லாத்தான் இருக்கும். லெட்டர் வாங்கினு வந்துரு. முடிஞ்சுது கத" என்றேன்.

"சரி. ஆனா நீயும் போய்க் காட்டு. நீ சொல்லாம நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று குழாயை மூடினாள்.

நான் காட்டவில்லை. ஏன் என்று இப்போது சொல்வது சுலபம். எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வருஷமாகவே தெரியும். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற மேம்பாலப் படியில் பாதியில் நின்று, யாரையோ தேடுகிறவள்போலத் திரும்பிப் பார்ப்பேன். மூச்சு வாங்குவதற்கு நான் கண்டுபிடித்த நாடகம் அது. தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, பாதி உட்கார்ந்தபடிதான் தூக்கம் வந்தது. வீட்டுக்காரர் பெயிண்டர், என்னைவிடக் களைத்து வருகிறவர். "வயசாவுதில்ல" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். பஞ்சுத் தூசி என்றேன், பெங்களூர்க் குளிர் என்றேன், மெட்ரோ தோண்டுகிற புழுதி என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நெஞ்சு திடீரென்று ஓட ஆரம்பிக்கும். ஓட்டம் என்றால் ஒழுங்கான ஓட்டம் இல்லை. நூல் சரியில்லாத மெஷின் இரண்டு தையல் போட்டு ஒன்றை விட்டு, மூன்று போட்டு இரண்டை விடும் இல்லையா, அது மாதிரி. மெஷின் என்றால் சத்தத்தை வைத்தே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பேன். பதினெட்டு வருஷத்தில் என் காதுக்குத் தப்பிய மெஷின் கிடையாது.

அவள் வீட்டோடு இருந்த முதல் வாரம் நான் ஒரு இடத்தில் நிலையாக இல்லை. பட்டன் மெஷினில் புதுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். சட்டை குவிந்தது, சூப்பர்வைசர் கத்தினார். நான் வேலைக்கு நடுவில் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். ஒரு நாள் காஜாவைத் தலைகீழாகப் பதினேழு சட்டையில் போட்டுவிட்டேன். எதிர்த்துப் பேசுகிற நான் அன்றைக்குத் திட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததைப் பார்த்து, சூப்பர்வைசரே உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

தினமும் சாயங்காலம் அவளுக்கு ஃபோன் செய்வேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஈசிஜி எடுத்தார்கள், நன்றாக இருந்தது. நான் எதிர்பார்த்தது அங்கேயே முடிந்துவிடும் என்று. முடியவில்லை. ஃபாக்டரி அனுப்பிய பேப்பரை டாக்டர் பார்த்திருக்கிறார். இந்த நோய் வந்து வந்து போகும், எடுக்கிற நேரத்தில் இல்லை என்பதால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றாராம். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆள்தான் தப்பு.

அதனால் ஒரு முழு நாள் துடிப்பைப் பதிவு செய்கிற பெட்டியை அவள் இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். பெட்டியிலிருந்து வயர்கள் நெஞ்சுக்குப் போய், நெஞ்செல்லாம் ஸ்டிக்கர். அதை ஒட்டினவர் ஆணா பெண்ணா என்று கேட்டேன்.

"கேக்காத" என்றாள்.

பெட்டியிலும் எதுவும் சிக்காததால், அடுத்து எக்கோ என்கிற ஸ்கேன் எடுக்க நாள் கொடுத்தார்கள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார்கள். மாத்திரையைப் பற்றி அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னது அவள் மகள்.

"ஆன்ட்டி, அம்மா கொழாயாண்ட வுழுந்துட்டாங்க. மாத்திர போட்டதுலேர்ந்து தல சுத்துதுன்னு சொல்லினே இருந்தாங்க."

வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். புருவத்துக்கு மேலே வீங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் மேடையில் மாத்திரை அட்டை இருந்தது. நாலு மாத்திரை காலியாகியிருந்தது.

"எதுக்குடி இத முழுங்கின? ஒனக்கு ஒன்னும் இல்லன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தூக்கிப் போட்டா டாக்டர் எத்தினி சாப்ட்டன்னு கேப்பாரு. எனக்குப் பொய் சொல்ல வராது."

அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. என்னையும் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று, அந்தச் சோற்றை இவளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறேன். அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எக்கோ நாளன்று நானும் வருகிறேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரி வாசல் வரையில் என்னை நான் நம்பவில்லை. டீ குடிக்கலாம் என்றேன். கூட்டம் அதிகமாக இருக்கிறது, நாளைக்கு வரலாம் என்றேன். அவள் டோக்கன் வாங்கப் போனாள். மூன்று மணி நேரத்தில் ஆறு முறை எழுந்து நடந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "பேஷண்ட் நீங்களா, அவங்களா?" என்று கேட்டார்.

அவள் எக்கோ முடிந்து வந்ததும் இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். நான் துணைக்கு வந்தவள் என்று ஓரத்து ஸ்டூலில். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வயதுக்காரர், கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார்.

"இதயம் ரொம்ப நல்லா இருக்கும்மா. எதுவுமே இல்ல. ஆனா இந்த மொதல் ஈசிஜிதான் கொழப்பமா இருக்கு. இன்னொரு டெஸ்ட்..." என்று பேனாவை எடுத்தார்.

என் தோழி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். இன்னொரு தரம் அவிழ்க்கப் போகிறாள் என்று புரிந்தது.

"டாக்டர், அந்தப் பேப்பர் என்னுது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திரை, கார்டு, மூன்று மாடி, எல்லாம். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்பவர் சிரிக்க வேண்டும் என்று நினைக்காமல் ஒரு கதையைச் சொன்னேன். கோபத்தில் அவர் காது சிவந்துவிட்டது. "இவங்களுக்கு நான் மாத்திர குடுத்துருக்கேன்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. கட்டிலைக் காட்டினார்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார். "சின்ன வயசுல காய்ச்சலோட முட்டியெல்லாம் வீங்கிச்சா? ஒரு முட்டி சரியாகி இன்னொரு முட்டிக்குப் போச்சா?"

போயிற்று. நான் ஐந்தாவது படித்தபோது. இரண்டு மாதம் ஸ்கூலுக்குப் போகவில்லை. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் வளர்ந்துவிட்டேன். அதற்கு முன்னால் தொண்டை வலி வந்திருக்கும் என்றார் டாக்டர். தொண்டைக்கு வந்த கிருமியோடு சண்டை போடுகிற உடம்பு, சில பிள்ளைகளுக்குத் தன் மூட்டையும் இதயத்தையும் சேர்த்தே தாக்கிவிடுமாம். மூட்டு ஆறிவிடும். இதயத்தில் விழுந்த தழும்பு பேசாமல் இருந்து, பல வருஷம் கழித்துத்தான் வாயைத் திறக்கும்.

அன்றைக்கே எனக்கும் எக்கோ எடுத்தார், திரையில் என் இதயத்தைப் பார்த்தேன். நுரையீரலிலிருந்து சுத்தமான ரத்தம் வந்து சேருகிற இடது மேல் அறை, அதற்குக் கீழே உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அடிக்கிற அறை, இரண்டுக்கும் நடுவில் இரண்டு இதழ் வைத்த கதவு. இதழ்கள் தாராளமாகத் திறக்க வேண்டும். என்னுடையது தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, நடுவில் சின்ன வெட்டு மட்டும் இருந்தது. நான் தினமும் பார்க்கிற வடிவம்.

"காஜா மாதிரி இருக்குது" என்றேன்.

டாக்டர் திரும்பினார். "எங்க பொஸ்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு. பட்டன் ஓட்டை மாதிரின்னு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஓட்டை வழியாக ரத்தம் இறங்க முடியாமல் மேல் அறை வீங்கிவிட்டிருந்தது. நுரையீரலில் ரத்தம் தேங்கியதால்தான் மூச்சும் மூன்று தலையணையும். வீங்கிய அறை சில நேரம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும், அதுதான் அந்த இரண்டாவது பேப்பர். நடுங்குகிற அறையில் ரத்தம் நின்று கட்டியாகலாம், கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும், வாய் கோணிப் பேச்சு போய்விடும் என்றார். எனக்குப் பேச்சு போவதாவது என்று சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, பிறகு தொடையின் ரத்தக் குழாய் வழியாக ஒரு பலூனைக் கொண்டுபோய் அந்தக் கதவைத் திறந்துவிடுவது என்று சொன்னார். பலூனுக்கு முன்னால் அட்மிட் ஆகி, கட்டி எதுவும் இல்லையா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் என் நார்மல் சீட்டையும் அவள் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உங்களுக்காக மட்டும் படுத்திருந்தா, இந்த நார்மலோட வீட்டுக்குப் போயிருப்பீங்க. பண்ணது தப்பு. ஆனா அந்தத் தப்புலதான் இது தெரிஞ்சுது" என்றார்.

ஃபாக்டரி விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அடுத்த வாரம் நானே ஆபீஸுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவள் லெட்டரோடு மெஷினுக்குத் திரும்பினாள். ஈசிஜி எடுக்க இனிமேல் பெண்தான் வர வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வேலை இருக்குமா என்று பலூன் போட்ட பிறகுதான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் நடந்ததை. கதவு மூடியதும் அவள் என் தோளில் அடித்தாள். வலிக்கிற மாதிரி இரண்டு அடி. அத்தனை கூட்டத்துக்கு நடுவில். தலைப்பு நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அஞ்சு வாரமா ஒன் சாவ நான் சொமந்தேன்டி" என்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஆளு மாத்தி ஆளு என் நெஞ்சுல தேடினாங்க. அது இங்க இல்லன்னு எனக்குத் தெரியும். எங்க இருக்குதுன்னும் தெரியும். நீ இன்னான்னா தெனமும் ஃபோன் பண்ணி, ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்கன்னு என்னக் கேக்கற. ஃபோன வெச்சா, நாளைக்கி இவ பேசுவாளான்னு நான் குந்தினு இருப்பேன்."

வாயைத் திறந்தேன். கேலி, சமாதானம், சாக்கு ஒன்றும் வரவில்லை. "பயமா இருந்துச்சுடி" என்றேன். அதைச் சொல்ல ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"எனக்கும்தான்" என்றாள். மூக்கைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

அட்மிஷன் கவுண்டரில் இரண்டு பேரும் சேர்ந்தே நின்றோம். அவள் வீங்கிய புருவத்தையும் அழுத கண்ணையும் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவர் ஃபாரத்தை அவள் பக்கம் நகர்த்தி, "பேஷண்ட் நீங்கதானே?" என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவ இல்ல. நான்" என்றேன்.